வலிக்காத காலைத்தான் பார்க்க வேண்டும்

பழைய வண்ணாரப்பேட்டையில் 28 ஆண்டுகளாகச் செருப்புத் தைக்கிறேன். யார் கடைக்கு வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் கழற்றி வைக்கும் செருப்பைப் பார்த்துவிடுவேன். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த விரல் அதிகமாகப் பதிந்திருக்கிறது என்று பார்த்தாலே அவர் உடல் பாரம் எங்கே இறங்குகிறது என்று தெரியும். உங்கள் பழைய செருப்பையும் இன்று திருப்பிப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்வது எல்லோருக்கும் உள்ளது. ஒரு கால் செருப்பு மட்டும் ஒரேயடியாகத் தேய்ந்திருந்தால் அந்தக் காலைக் கவனியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் அறுந்த வாரைத் தைக்கக் கொடுத்தார். செருப்பைத் திருப்பினேன். அடியில் ஓர் ஆணியின் தலை, தரையில் தேய்ந்து தேய்ந்து பளபளத்தது. குறட்டால் பிடித்து இழுத்தேன். அரை அங்குலத்துக்கு மேல் வந்தது. நுனியில் கறுத்த ஈரம். "காலைக் காட்டுங்கள் அம்மா" என்றேன். பெருவிரலுக்குக் கீழே, மேடான இடத்தில், பட்டாணி அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் தோல் வெளுத்துக் கிடந்தது. குனிந்தபோது வாடை அடித்தது.

"வலிக்கவே இல்லையே, தம்பி" என்றார்.

அவருக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஆணி எந்த நாளில் ஏறியது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. வாரைத் தைக்கவில்லை, ஆட்டோ பிடித்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு அனுப்பினேன். விரல் தப்பியது. புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் அவருடைய கூடை வீட்டில்தான் இருந்தது.

நீண்ட நாள் சர்க்கரை முதலில் நீளமான நரம்புகளைத்தான் கெடுக்கிறது. பாதத்துக்கு வரும் நரம்புகளே உடலில் மிக நீளமானவை. அதனால் மதமதப்பு விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. ரத்த ஓட்டமும் குறைந்துவிட்டால் புண் ஆறாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அந்த ஓட்டம் இன்னும் சுருங்கும். வேலூரில் தொழுநோயாளிகளிடையே பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்ட் இதைத் தெளிவாகக் கண்டு சொன்னார்: அவர்களுடைய பாதம் தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் காயத்தின் மேலேயே நடந்து நடந்து கெடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகச் செய்யத் தொடங்கிய எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர்) என்ற, நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் நான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்குத் தைத்துக் கொடுக்கிறேன்.

எனவே முதல் வேலை, இரவில் பாதத்தைப் பார்ப்பது. நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேலே பாதத்தைத் தூக்கிப் பிடியுங்கள். கண் மங்கலானவர்களுக்கு மகனோ மருமகளோ பேத்தியோ பார்க்கட்டும். ஒவ்வொரு விரலையும் விலக்கி இடுக்கைப் பாருங்கள். புண் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். பிறகு புறங்கையால் இரண்டு பாதத்தையும் தடவுங்கள். ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால், சிவந்திருக்காவிட்டாலும், உள்ளே ஏதோ நடக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். வலிக்காது, ஐந்து நிமிட வேலை.

மெட்டியைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். பாதம் வீங்கும்போது மெட்டி விரலை இறுக்குகிறது. அதன் கீழே வெள்ளையாக ஊறிய தோலைப் பல பெண்களிடம் பார்த்திருக்கிறேன். கழற்றச் சொன்னால் மனம் வராது. அந்தத் தயக்கம் எனக்கும் புரிகிறது. தினமும் மெட்டியைச் சுழற்றி அடியில் துடையுங்கள். சுழலவில்லை என்றால் கழற்றிப் பெரிதாக்கிப் போடுங்கள்.

கழுவ வெதுவெதுப்பான நீர் போதும். சூட்டை முழங்கையால் பாருங்கள். மரத்த காலால் பார்த்தால் வெந்துபோகும். விரல் இடுக்கை ஒற்றித் துடைத்து உலர்த்துங்கள். தேங்காய் எண்ணெயைக் குதிகாலிலும் பாதத்தின் மேலும் தடவலாம், இடுக்கில் வேண்டாம். பித்தவெடிப்புக்கும் இதுவே முதல் மருந்து, ஒரு நாளும் விடாமல் செய்தால். நகத்தை நேராக வெட்டுங்கள். மூலையைத் தோண்டினால் சதைக்குள் வளரும். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள், மருந்துக்கடைப் பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள். அதில் உள்ள அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது.

இனி என் தொழில். செருப்பை மாலையில் வாங்குங்கள். பாதம் அப்போதுதான் முழு அளவுக்கு விரிந்திருக்கும். காகிதத்தின் மேல் நின்று பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தைச் செருப்பின் மேல் வைத்தால் எந்த ஓரமும் வெளியே நீட்டக் கூடாது. முன்னால் அரை விரல் இடம் வேண்டும். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு விரல் இடுக்கில் பட்டை வரும் செருப்பு ஆகாது. அதைக் கவ்விப் பிடிக்க விரல்கள் மடங்குகின்றன, இடுக்கும் உரசிப் புண்ணாகிறது. மேலே அகலமாக இரண்டு பட்டை, பின்னால் குதிகாலைப் பிடிக்க ஒரு வார், உள்ளே எம்.சி.ஆர்., அடியில் ஆணியும் கண்ணாடியும் ஏறாத கெட்டி ரப்பர். இதுதான் சரி. உள்ளே இருக்கும் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கி எழ வேண்டும். அமுங்கியபடியே கிடந்தால் அதன் உயிர் போய்விட்டது, மாற்றுங்கள். சர்க்கரை நோயாளியின் செருப்பில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. ஒட்டித் தைக்க வேண்டும். அவசரத்துக்குத் தெருமுனையில் பழுது பார்த்தாலும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அதைத் திரும்பப் போடாதீர்கள். என்னிடம் வாங்கியதாக இருந்தாலும் திருப்பிக் கொண்டு வாருங்கள். எந்தச் செருப்பையும் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள்.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் கோயிலுக்குப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது: உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ போங்கள். கல்தரை சுடுவது மரத்த காலுக்குத் தெரியாது. கொப்புளம் வீட்டுக்கு வந்தபின்தான் கண்ணில் படும்.

மழைக்காலத்தில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் முழங்கால் தண்ணீரில் நடந்தே ஆக வேண்டிய நாட்கள் உண்டு. வீடு வந்ததும் சோப்பால் கழுவி உலர்த்துங்கள். சேற்றுப்புண் வந்தால் பூஞ்சைக்கான களிம்பு தடவுங்கள். ஈரச் செருப்பை மறுநாள் போடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீர் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கணுக்கால் பிசகினால் உடனே உருவி விடச் சொல்லாதீர்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள் (மரத்த காலுக்கு ஐஸும் வேண்டாம்), காலைத் தலையணை மேல் உயர்த்துங்கள். நான்கு அடி நடக்க முடியாவிட்டாலும், கணுக்கால் எலும்பை அழுத்தினால் உயிர் போவதுபோல் வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எலும்பு முறிந்திருக்கும் காலை உருவியவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்துகிறது என்றால், பெரும்பாலும் அடிப்பாதத் தசைநார்தான். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை இழுத்துவிடுங்கள், மெத்தென்ற செருப்புப் போடுங்கள், மெதுவாகச் சரியாகும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால், புண்ணில் சீழோ வாடையோ வந்தால், ஒரு விரல் கறுத்தால், ஆணி குத்தினால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். செருப்பைக் கடையில் விட்டுவிட்டுப் போங்கள், நான் தைத்து வைத்திருக்கிறேன்.