லிஸ்ட்டின் கடைசியிலிருந்து எடுப்பது எப்படி? பூஜ்யம் வந்தால் மட்டும் கவனம்

எண்கள் = [10, 20, 30, 40, 50] என்று ஒரு லிஸ்ட் இருக்கிறது, அதில் கடைசியில் உள்ள 50 மட்டும் வேண்டும். நீளத்தைக் கேட்டு, அதில் ஒன்றைக் கழித்து, அந்த இடத்தில் இருப்பதை எடுக்கிற சுற்றுவழி பைத்தானில் தேவையே இல்லை. எண்கள்[-1] போதும். (பைத்தான் 3-இல் வேரியபிள் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், இதை அப்படியே போட்டுப் பாருங்கள்.) -2 என்றால் 40, -5 என்றால் 10, -6 கேட்டால் எரர்.

கடைசி மூன்றும் சேர்ந்து வேண்டுமா? எண்கள்[-3:] என்று ஸ்லைஸ் செய்யுங்கள் (ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது), [30, 40, 50] வரும். கோலனுக்குப் பின்னால் எதுவும் எழுதக் கூடாது. கடைசி என்றால் -1தானே என்று எண்கள்[-3:-1] போட்டால் [30, 40] மட்டும்தான் கிடைக்கும், ஏனென்றால் ஸ்லைஸ் முடியும் இடத்தில் இருப்பதைச் சேர்த்துக்கொள்ளாது. லிஸ்ட்டில் இரண்டே இருந்தாலும் ஸ்லைஸ் எரர் தராது, இருப்பதைத் தந்துவிடும். காலி லிஸ்ட்டில் [-1] எரர் ஆகும், [-1:] காலி லிஸ்ட்டைத் தரும்.

சரி, எத்தனை வேண்டும் என்பது ஒரு வேரியபிளில் வந்தால்? எண்கள்[-தேவை:] என்றுதான் எல்லோருக்கும் கை போகும். தேவை 3, 2, 1 என்று இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அது 0 ஆகும்போது பாருங்கள்: -0 என்பதும் 0தான், ஆகவே எண்கள்[0:] ஆகி, ஒன்றுமே வரக் கூடாத இடத்தில் மொத்த லிஸ்ட்டும் வந்து நிற்கும். எரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, அதனால்தான் இது ரொம்ப நாள் கண்ணில் படாமலே கிடக்கும். நீளத்திலிருந்து தேவையைக் கழித்து அங்கிருந்து வெட்டலாமே என்றால் பூஜ்யம் சரியாகிவிடும், ஆனால் தேவை 7 என்று வந்தால் 5 - 7 = -2, ஐந்தும் வர வேண்டிய இடத்தில் [40, 50] மட்டும் வரும். ஆகவே கழித்து வருவது பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்களில் பெரியதைத் தரும் மேக்ஸ் ஃபங்ஷன் இதற்குப் போதும்: எண்கள்[max(0, len(எண்கள்) - தேவை):]. என்னைக் கேட்டால், எண்ணிக்கை வேரியபிளாக இருக்கும் எல்லா இடத்திலும் இப்படியே எழுதுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் [-1] வேலை செய்யாது, அன்டிஃபைன்ட் (மதிப்பு எதுவும் இல்லை) என்றுதான் வரும். அங்கே 2022-இல் வந்த அட் மெத்தடுக்கு -1 கொடுங்கள். ஸ்லைஸ் மெத்தடுக்கு -3 கொடுத்தால் கடைசி மூன்று. பூஜ்யச் சிக்கல் அங்கேயும் அப்படியே உண்டு. ரூபியில் லாஸ்ட் மெத்தடுக்கு 0 கொடுத்தால் ஒழுங்காகக் காலி அர்ரேதான் வரும். ஆர் மொழிக்குப் போகிறவர்கள் மட்டும் உஷார்: அங்கே [-1] என்றால் முதலாவதை நீக்கிவிட்டு மீதியைக் கொடு என்று அர்த்தம், கடைசி மூன்றுக்கு டெயில் ஃபங்ஷன் இருக்கிறது.

அப்புறம், பைத்தானில் பாப் மெத்தட். அதுவும் கடைசியைத் தரும், ஆனால் லிஸ்ட்டிலிருந்தே எடுத்துவிடும். சும்மா பார்ப்பதற்கு அதைத் தொடாதீர்கள்.