பழைய காரை உடைக்கச் சொல்லுற சட்டத்தை எப்பிடி வாசிக்கிறது

எங்கட அப்பா இன்னும் ஒரு பழைய ஒஸ்டின் ஏ40 கார் வச்சிருக்கிறார். 90களில இலங்கையின்ர வடக்கில பொருளாதாரத் தடையால பெற்றோல் தட்டுப்பாடான நேரம் கார்ப்பரேட்டருக்குள்ள ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓடின கார், அதுக்குப் பின்னால சைக்கிளில போன ஆக்களுக்குத் தெரியும் அந்தப் புகை எப்பிடியெண்டு. புகைக்குச் சட்டம் வேணும், அதில எனக்கு மறுகதை இல்லை. ஆனா பழசெல்லாத்தையும் உடையுங்கோ எண்டு ஒரு சட்டம் வந்தா, அது புகைக்காக வந்ததோ வேற ஆருக்காகவோ வந்ததோ எண்டு வடிவாப் பாக்கோணும்.

முதல் பாக்க வேண்டியது, சட்டம் வயசை அளக்குதா புகையை அளக்குதா. டெல்லியில 10 வருசம் தாண்டின டீசல், 15 வருசம் தாண்டின பெற்றோல் வாகனத்துக்கு எரிபொருள் அடிக்கக்கூடாதெண்டு 2025 ஜூலை 1 தொடங்கிச்சினம், சனம் கொதிச்சதில சில நாளிலயே நிப்பாட்டவேண்டி வந்தது. கவனமா வச்சிருந்த காரும் கரும்புகை தள்ளுற காரும் ஒண்டெண்டா ஆர் ஒத்துக்கொள்ளுவினம்? எங்கட நாட்டில வருசா வருசம் புகைப் பரிசோதனை செய்து பாஸ் பண்ணினாத்தான் வாகன லைசன்ஸ் எடுக்கலாம், அது புகையை அளக்கிற சட்டம், அந்த அடிப்படை சரியெண்டுதான் நான் சொல்லுவன்.

அடுத்தது காசு எங்க போய் நிக்குதெண்டு பாருங்கோ. ஜெர்மனியில 2009ல, 9 வருசம் தாண்டின காரை உடைச்சுப்போட்டுப் புதுசு வாங்கினா 2500 யூரோ குடுத்தவை, மொத்தம் 500 கோடி யூரோ. பேர் சூழல் ஊக்கத்தொகை, ஆனா அது உலகப் பொருளாதாரம் விழுந்த நேரம் கார் கொம்பனிகளைத் தூக்கிவிட வந்த திட்டத்தில ஒரு பகுதி. அங்க இருக்கிற எங்கட சொந்தக்காரரைக் கேளுங்கோ, கனபேருக்கு ஞாபகமிருக்கும்.

இனி சொல்லுறதைத்தான் ஆறுதலா வாசிக்கோணும். 1990ல லொஸ் ஏஞ்சல்ஸில யூனோகால் எண்ட எண்ணெய்க் கொம்பனி 1971க்கு முந்தின கார்களை ஒண்டு 700 டொலருக்கு வாங்கி 8000க்கு மேல உடைச்சது. நல்ல வேலை எண்டுதான் தோணும். பிறகு 1993ல அங்கத்த காற்றுத்தர நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது, கொம்பனிகள் பழைய காரை வாங்கி உடைச்சா அந்தளவு புகை குறைஞ்சதெண்டு கணக்கில போடலாம், அந்தக் கணக்கைக் காட்டித் தங்கட இடத்தில குறைக்கவேண்டியதைக் குறைக்காமல் விடலாம். அதைப் பிடிச்சுக்கொண்டு சில எண்ணெய்க் கொம்பனிகள் கப்பலில எண்ணெய் ஏத்திற துறையில வாற எண்ணெய் ஆவியைப் பிடிக்கிற கருவி பூட்டாமல் விட்டவை, துறைமுகத்துக்குப் பக்கத்தில இருந்த ஏழைச் சனம்தான் அந்த ஆவியைச் சுவாசிச்சது. ஊர் முழுக்க ஓடித்திரிஞ்ச கார்களின்ர புகைக் கணக்கு ஒரு சின்ன இடத்துச் சனத்தின்ர தலையில வந்து விழுந்தது. 1997ல அதுக்கு எதிரா முறைப்பாடும் போனது. அதால சட்டத்தில "ஈடு", "வரவு" மாதிரி ஒரு சொல் கண்டா அந்த வரவு ஆற்ற கணக்கில ஏறுது எண்டு தேடுங்கோ, அந்தப் பந்தியை விட்டிட்டு மிச்சத்தை வாசிச்சுப் பிரயோசனமில்லை.

உடைச்ச பிறகு என்ன நடக்குதெண்டதும் முக்கியம். அமெரிக்காவில 2009ல பழைய காரைக் குடுத்துப் புதுசு வாங்க அரசு காசு குடுத்த திட்டத்தில எஞ்சினுக்குள்ள சோடியம் சிலிக்கேட் ஊத்தி இறுக்கிப்போட்டுத்தான் காரை நசுக்கக் குடுத்தவை, அந்த எஞ்சினை ஒருத்தரும் திருப்பிப் பாவிக்கேலாது. பாகம் கழட்டி ஓட்டுற எங்களை மாதிரி ஊருக்கு இப்பிடி ஒரு விதி வந்தா கராஜ் வச்சிருக்கிற பெடியளின்ர பாடு என்ன?

கடைசியா, மாத்து வழி இருக்கோ எண்டு கேளுங்கோ. இஞ்ச 2020 மார்ச்சிலயிருந்து 2025 பெப்ரவரி வரைக்கும் தனியார் கார் இறக்கவே விடேல்லை, இப்ப விட்டாலும் வரி தலைக்கு மேல. சந்தைக்கு மரக்கறி ஏத்திற பழைய வானை உடை எண்டு சொல்லுறதெண்டா, அடுத்த நாள் அந்த மனிசன் எதில ஏத்துறதெண்டும் அதே சட்டத்தில எழுதியிருக்கோணும்.

அப்பிடி ஒரு சட்டம் வந்தா வர்த்தமானி (அரசிதழ்) தமிழிலயும் வரும், எடுத்து வாசியுங்கோ. அதுவரைக்கும் எயார் ஃபில்டரைத் துப்பரவாக்கி, கார்ப்பரேட்டரை ஒழுங்கா ட்யூன் பண்ணி, எஞ்சினை நல்லாச் சூடாக்கிக்கொண்டு புகைப் பரிசோதனைக்குப் போங்கோ.