மாடலிடம் கையெழுத்து வாங்கும் முன்

சென்ற ஞாயிறு காலை ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்றிருந்தேன். மூடுபனி இன்னும் விலகவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறி வந்திருந்த ஓர் இளைஞர், கல்லூரி மாணவி ஒருவரைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரு தாளை நீட்டினார். அந்தப் பெண் கேமரா பையின் மேல் வைத்துக் கையெழுத்திட்டார். பனியில் நமுத்திருந்த தாளில் மை பரவியது. கேட்டபோது அந்த இளைஞர் தயங்காமல் காட்டினார். "இந்தப் படங்களைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று ஒரே வரி. நான் தொழிலுக்கு வந்த புதிதில் எழுதிக்கொண்டிருந்த அதே வரி.

சம்பளம் இல்லாமல் நடக்கும் இப்படிப்பட்ட ஷூட்டை எங்கள் புகைப்படத் தொழிலில் டி.எஃப்.பி. என்போம். பணம் கைமாறாது, மாடலுக்கும் படம், நமக்கும் படம். தேதி போட மறப்பது, பெயரைத் தப்பாக எழுதுவது போன்றவற்றை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். இந்தத் தாளில் நடக்கும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

படத்தின் உரிமையும் முகத்தின் உரிமையும் ஒன்று என நினைப்பது

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். கல்யாண ஜோடி பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவர்களுக்குப் போய்விடும். யாரும் பணம் தராத டி.எஃப்.பி.யில் அது நம்மிடமே நிற்கும். இதைத் தெரிந்துகொண்ட அன்றே பலருக்குத் தலைகால் புரிவதில்லை. "படம் என்னுடையது, யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன்" என்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதன் விலை எனக்குத் தெரியும்.

பகோடா பாயின்ட்டில் ஒரு மாணவியை இளம்பிள்ளைச் சேலையில் எடுத்தேன். சேலை ஒரு கடைக்காரர் இரவல் கொடுத்தது. இரண்டு மாதம் கழித்து அவரே படங்களைக் கேட்டார். எட்டாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தேன். தீபாவளிக்கு முன் சேலம் ஐந்து ரோட்டில் ஃபிளெக்ஸ் ஏறியது. பஸ்ஸில் போன அந்த மாணவியின் பெரியப்பா பார்த்துவிட்டார். அன்று மாலையே பெற்றோர் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அப்பா குரலை உயர்த்தவில்லை. ஃபிளெக்ஸின் படம் இருந்த போனை மேசையில் வைத்து, "என் மகள் படத்தை எவ்வளவுக்கு விற்றீர்கள் தம்பி?" என்று கேட்டார். தாளை எடுத்துக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "கடை விளம்பரத்துக்கு என்று இதில் எங்கே இருக்கிறது?" என்றார். எங்கேயும் இல்லை.

எட்டாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று ஃபிளெக்ஸ்களை இறக்கி, வேறு படம் போட்டு அடித்த செலவும் என் தலையில் விழுந்தது. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். மாடலாக வேண்டும் என்று ஆசைப்பட்ட அந்தப் பெண்ணை வீட்டில் அதன் பிறகு கேமரா முன் நிற்கவே விடவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

சட்டமும் அந்த அப்பாவின் பக்கம்தான். ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பான வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்கோ வேறு எதற்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று சொல்லியிருக்கிறது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்துவிட்டது.

ஆகவே "பயன்படுத்திக்கொள்ள" என்ற சொல்லைப் பிரித்து எழுதுங்கள். என் போர்ட்போலியோ, போட்டி, கண்காட்சி, ஸ்டாக் தளத்தில் (யாரும் படம் வாங்கும் இணையதளம்) விற்பனை, பிறர் விளம்பரம் என ஒவ்வொன்றுக்கும் தனி வரி, எதிரே ஆம் அல்லது இல்லை, பக்கத்தில் சுருக்கொப்பம். எத்தனை வருடம், எந்த ஊர்வரை என்பதும் வேண்டும். பிறருக்கு விற்றால் மாடலுக்கு எவ்வளவு பங்கு என்பதை அன்றே பேசிவிடுங்கள். விற்ற பிறகு பேசினால் அது பேரமாகிவிடும்.

மாடலுக்கு என்ன கிடைக்கும் என்று எழுதாதது

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, பிரதிபலன், அதாவது பதிலுக்குக் கிடைக்கும் ஒன்று, இல்லாத ஒப்பந்தம் செல்லாது. சம்பளம் இல்லை என்றால் பிரதிபலனும் இல்லை என்று பொருளல்ல. நாம் தரும் படங்கள்தான் பிரதிபலன். அதைத் தாளில் சொல்ல வேண்டும்: திருத்திய படங்கள் 15, ஷூட் நாளிலிருந்து 21 நாட்களுக்குள். "சீக்கிரம் அனுப்புகிறேன்" என்று ஆறு மாதம் இழுத்தடிப்பவர்கள் அந்தக் கையெழுத்தை நம்பி நிற்க முடியாது.

அந்தப் படங்களை மாடல் என்ன செய்யலாம் என்பதும் எழுத்தில் வேண்டும். காலம் குறிப்பிடாத உரிமத்துக்குச் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறது. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அவர் இன்ஸ்டாகிராமில் போட்டால் உலகமே பார்க்கும். அந்த அனுமதியைத் தாராளமாக எழுதிக் கொடுங்கள்.

பதினெட்டு நிரம்பாதவர்

அவர் கையெழுத்து செல்லாது. பெற்றோர் வராவிட்டால் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் "ஓகே"

மின்னணு ஒப்புதலுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. எதற்கு ஓகே என்பதுதான் அந்த உரையாடலில் இருக்காது.

ஷூட் முடிந்தபின் தாளை நீட்டுவது

மலை மேல், களைத்துப்போய், சேலத்துக்குக் கீழே இறங்கும் அவசரத்தில் நிற்பவர் எதையும் படிக்கமாட்டார். முந்தின நாளே அனுப்புங்கள். வீட்டில் நாலு பேர் படிக்கட்டும். இணையத்தில் இறக்கிய ஆங்கிலப் படிவம் வேண்டாம். கலிபோர்னியா நீதிமன்றத்தைச் சொல்லும் தாளில் அம்மாபேட்டைப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுங்கள்.

லேடீஸ் சீட் இளைஞர் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நான் சொன்ன வரிகளை எழுதினார். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் படித்தார். போட்டி, கண்காட்சி இரண்டுக்கும் ஆம் போட்டார். விளம்பரம் என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.