ஏ.டி.எம். பழக்கமில்லாதவர்களுக்கு: கார்ட்டையும் காசையும் பத்திரமாக வைத்திருப்பது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் என் மாமி பென்ஷன் காசு எடுக்கப் போன அன்று மெஷின் கார்ட்டை ஏற்கவில்லை. பின்னால் நின்ற பெடியன் ஒருவன் "தாங்கோ அன்ரி, நான் போட்டுத் தாறன்" என்று வாங்கினான், அவன் கண்முன்னாலேயே மாமி பின் நம்பரை அழுத்தினார். அவன் திருப்பிக் கொடுத்தது அதே நிறத்தில் வேறு யாருடையதோ கார்ட். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

முதல் படி, வீட்டில். வங்கிக்குச் சொல்லி எஸ்.எம்.எஸ். அறிவித்தலைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகையைக் குறைத்து வையுங்கள். வங்கியின் அவசர இலக்கத்தைப் போனில் பதிந்து வைக்க மறக்க வேண்டாம். மாமிக்கு அந்த இலக்கம் கார்ட்டின் பின்பக்கத்தில் மட்டும்தான் இருந்தது, கார்ட்டோ அவன் கையில்!

இரண்டாவது, இடம். பகலில், வங்கிக் கிளையோடு சேர்ந்திருக்கும், காவலாளி நிற்கும் மெஷினுக்கே போங்கள். இலங்கை வங்கிகளின் மெஷின்களை இணைக்கும் லங்காபே வலையமைப்பில் இருந்தால் வேறு வங்கியின் மெஷினிலும் எடுக்கலாம், சின்னக் கட்டணம் போகும், போகட்டும். இருட்டான தனி மெஷின் வேண்டாம்.

மூன்றாவது, கார்ட்டைப் போடும் முன் அந்த வாயைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினாலோ, பசைத் தடம் தெரிந்தாலோ, விசைப்பலகை வழக்கத்தைவிட மேலே எழும்பி இருந்தாலோ விட்டுவிட்டு வாருங்கள். திருடர்கள் அங்கே ஒட்டும் கருவி கார்ட்டின் பின்னால் உள்ள கறுப்புக் காந்தப் பட்டையைப் பிரதி எடுக்கும். கார்ட்டின் முன்னால் பதித்திருக்கும் சின்ன உலோகச் சிப்பை அப்படிப் பிரதி எடுப்பது மிகக் கடினம், ஆனால் பட்டை இன்னும் பெரும்பாலான கார்ட்களில் இருக்கிறதே. பட்டை மட்டும் கிடைத்தால் மெஷினில் காசு எடுக்க முடியாது, பின் நம்பரும் வேண்டும், அதைப் பிடிக்கத்தான் மேலே குட்டிக் கமெரா வைக்கிறார்கள். அதனால் அழுத்தும்போது மற்றக் கையால் விசைகளை முழுதாக மூடுங்கள், பக்கத்தில் யாருமே இல்லாவிட்டாலும்.

நான்காவது, கார்ட் சிக்கினால். இதுதான் மிக ஆபத்தான நேரம். வாய்க்குள் மெல்லிய பட்டி ஒன்றை வைத்துக் கார்ட்டைச் சிக்க வைத்துவிட்டு, "பின் நம்பரைத் திரும்ப அடிச்சுப் பாருங்கோ" என்று உதவிக்கு வருகிறவன்தான் அதை வைத்தவனாக இருப்பான். எவ்வளவு மரியாதையாகக் கதைத்தாலும் அடிக்காதீர்கள், அந்த இடத்தை விட்டு நகராமல் அங்கிருந்தே வங்கிக்குப் போன் பண்ணிக் கார்ட்டை நிறுத்துங்கள். காசு வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தாலும் அப்படித்தான்: நேரத்தையும் மெஷின் இருந்த இடத்தையும் குறித்துக்கொண்டு சொல்லுங்கள்.

காசை உள்ளேயே எண்ணிப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே வாருங்கள். கத்தியைக் காட்டினால் கொடுத்துவிடுங்கள், உயிர் பெரிது. பின் நம்பரைத் தலைகீழாக அடித்தால் பொலிஸ் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது பொய், நம்பாதீர்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் பொலிஸின் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள்.

சரி, காசு போய்விட்டது என்றால்? முதலில் கார்ட்டை நிறுத்துங்கள், அப்புறம் பொலிஸில் முறைப்பாடு. கார்ட் மோசடிகளுக்கென்றே 2006இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது, ஆகவே தயங்காதீர்கள். வங்கிக்கு எழுத்தில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். வங்கி இழுத்தடித்தால் அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு மத்திய வங்கியின் 1935க்கு அழையுங்கள்.