சிற்றூரில் மூன்று அரசுப் பள்ளிகள்: எதில் சேர்ப்பது என்று ஒப்பிடுவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன், மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க அலைந்தபோது, ஒரு பள்ளியின் சுற்றுச்சுவரில் "பத்தாம் வகுப்பில் 100% தேர்ச்சி" என்ற பேனரைப் பார்த்து மயங்கிவிட்டேன். தேர்வு எழுதியவர்களே ஒன்பது பேர்தான் என்பதும், கணித ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தது என்பதும் சேர்த்த பிறகே தெரிந்தன. அந்தத் தவறிலிருந்து கற்ற வழிமுறை இது. ஒரு நோட்டும் இரண்டு காலைப்பொழுதுகளும் போதும்.

முதல் படி: பெயர்ப்பலகையைப் படியுங்கள்

பள்ளி யாருடையது, எந்த வகுப்பு வரை என்ற இரண்டையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்போடும், நடுநிலைப்பள்ளி எட்டோடும், உயர்நிலைப்பள்ளி பத்தோடும் முடியும். மேல்நிலைப்பள்ளி பன்னிரண்டு வரை போகும்.

அரசு உதவிபெறும் பள்ளியையும் "அரசுப் பள்ளி" என்றே ஊரில் பலர் சொல்வார்கள். அரசே சம்பளம் கொடுத்தாலும் நிர்வாகம் தனியாருடையது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று 2020 முதல் இருக்கும் 7.5% உள் ஒதுக்கீடு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்குக் கிடையாது. அதைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இதைப் பதினொன்றாம் வகுப்பில் தெரிந்துகொண்டு தலையில் கைவைத்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: யுடைஸ் எண்

ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் (UDISE) எண் உண்டு. அரசின் பள்ளித் தகவல் தொகுப்பில் அந்தப் பள்ளியின் அடையாள எண் அது. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33 என்று தொடங்கும். யுடைஸ் பிளஸ் இணையதளத்தில் அதை இட்டுத் தேடினால் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறைகள், கழிப்பறை போன்ற விவரங்கள் கிடைக்கும். ஆனால் அவை கடந்த கல்வியாண்டின் தகவலாக இருக்கலாம். நேரில் சரிபார்க்காமல் நம்பிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: ஆசிரியர்களை எண்ணுங்கள்

என் பார்வையில் இதுதான் மிக முக்கியமானது. கல்வி உரிமைச் சட்டம், 2009 சொல்வது: தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 45 பிள்ளைகள் படிக்கும் ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் கூட்டத்துக்குப் போன நாளில் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். சட்டப்படி குறையில்லை, பிள்ளைக்குத்தான் குறை.

ஆறாம் வகுப்புக்கு மேல் கேள்வி மாறுகிறது. மொத்தம் எத்தனை ஆசிரியர்கள் என்று கேட்பதை விட, கணிதத்துக்கு யார், அறிவியலுக்கு யார், ஆங்கிலத்துக்கு யார் என்று பாடம் பாடமாகக் கேளுங்கள். "அந்த சார் மாற்றுப்பணியில் இருக்கிறார்", அதாவது தற்காலிகமாக வேறு இடத்தில் வேலை பார்க்கிறார் என்று பதில் வந்தால், நோட்டில் அந்தக் கட்டத்தைக் காலி என்றே எழுதுங்கள். ஆசிரியர்களுக்கு இடமாற்றம் வழங்கும் பொதுமாறுதல் கலந்தாய்வு முடிந்த பிறகு மறுபடி ஒருமுறை விசாரியுங்கள். மே மாதம் இருந்தவர் ஜூலையில் இல்லாமல் போகலாம்.

நான்காம் படி: சதவீதத்தைத் தலைகளாக மாற்றுங்கள்

ஒன்பது பேர் எழுதி ஒன்பது பேரும் தேறினால் 100%. அடுத்த ஆண்டு ஒருவர் தவறினால் ஏறத்தாழ 89%. பள்ளி ஓராண்டில் கெட்டுவிடவில்லை. எண்ணிக்கை சிறியது, அவ்வளவுதான். பக்கத்துப் பள்ளியில் 112 பேர் எழுதி 103 பேர் தேறினால் 92%. நான் இரண்டாவதையே நம்புவேன். எதுவானாலும் மூன்று ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்.

இன்னொரு எண்ணையும் கேளுங்கள். இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எத்தனை பேர் இருந்தார்கள்? இருபது பேர் சேர்ந்து ஒன்பது பேர் எழுதியிருந்தால், மற்ற பதினொரு பேர் ஊர் மாறினார்களா, படிப்பை நிறுத்தினார்களா, மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பப்பட்டார்களா? நான் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்த மௌனத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஐந்தாம் படி: தெருவில் விசாரியுங்கள்

சிற்றூரின் வசதி இதுதான். மூன்று பள்ளிப் பிள்ளைகளும் உங்கள் தெருவிலேயே விளையாடுவார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் நான்காம் வகுப்பு படிக்கும் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். கேலி செய்யாதீர்கள், கடலை மிட்டாய் கொடுங்கள். ஆசிரியர்கள் எந்த பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள் என்று டீக்கடைக்காரருக்குத் தெரியும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெற்றோரில் ஒருவரைப் பிடித்து, கடைசிக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். "கையெழுத்து வாங்க வீட்டுக்கே வந்தார்கள்" என்றால் புரிந்துகொள்ளலாம்.

நேரில் போகும்போது கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள். பெண் பிள்ளை என்றால் இதை விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: வழியை நடந்து பாருங்கள்

நோட்டின் கடைசிக் கட்டம் தூரத்துக்கு. மேல்நிலைப்பள்ளி என்றால் பதினொன்றில் என்னென்ன பாடப்பிரிவுகள் இருக்கின்றன என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இலவச பஸ் பாஸ் கிடைக்கும். பஸ் வருமா என்பது வேறு கேள்வி. மகளை எட்டாம் வகுப்பில் பள்ளி மாற்றுவதற்கு முன், நானே ஒரு வாரம் அந்தக் காலை பஸ்ஸுக்காக நின்றேன். ஆறு நாளில் ஐந்து நாள் வந்தது. வராத நாளுக்காக ஒரு பழைய சைக்கிள் வாங்கினோம்.