கூட்டத்தைக் கூட்டாமல் இருக்க ஒரு கருவி

சேலம்–ஆத்தூர் சாலையோரம், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் அலுவலகம் என் பொறுப்பு. தினமும் காலை ஒன்பதரைக்குக் கூட்டம். முதலாளி, உற்பத்தியைப் பார்ப்பவர், கிழங்குக் கொள்முதல் பார்ப்பவர், களத்து மேஸ்திரி, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர், கணக்கர், கடைசி நாற்காலியில் நான். இந்தக் கூட்டத்துக்கென்று கூகுள் படிவம் ஒன்றையும் விரிதாள் ஒன்றையும் இணைத்து ஒரு கருவி செய்து வைத்திருக்கிறேன். செலவு எதுவும் இல்லை. நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் பத்து வரி தேவைப்படும், அதைத் தெரிந்த பையன் யாரிடமாவது கேட்டு வாங்கிவிடலாம். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையோ, விசைத்தறிக் கூடமோ, ஏற்காட்டுக் காப்பித் தோட்ட அலுவலகமோ, ஐந்தாறு பேர் உட்கார்ந்து பேசுகிற எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

கூட்டத்தை அழகாக நடத்தித் தரும் செயலிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. நான் சொல்வது அந்த வகை அல்ல. இன்றைக்குக் கூட்டம் வேண்டுமா என்று முதலில் கேட்கிற கருவி இது. வேண்டாம் என்றால் அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம். நீங்கள் எதைச் செய்தாலும் இந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கேளுங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டு, பேசப்படுவது செய்தியா, முடிவா, புலம்பலா என்று மட்டும் குறியுங்கள். ஒரு நாள் அரைவை டிரம்மின் பெல்ட் பற்றிப் பேச்சு வந்தது. பெல்ட் நைந்துவிட்டது என்றார் பிட்டர். எந்த அளவு என்று கேட்டார் கொள்முதல்காரர். போன முறை எப்போது வாங்கினோம் என்றார் முதலாளி. பில்லைத் தேடக் கணக்கர் எழுந்து போனார். அவர் திரும்புவதற்குள் பேச்சு டீசல் விலைக்குப் போய், அங்கிருந்து மேஸ்திரியின் மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டது. கடைசியில் "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்று எல்லோரும் எழுந்தார்கள். மறுநாளும் அதே பெல்ட், அதே கேள்வி. வெளியே கிழங்கு லாரி நின்றுகொண்டிருந்தது. மரவள்ளியைப் பிடுங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் அரைக்காவிட்டால் உள்ளே நீலக் கோடு ஓடிவிடும். கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று பாயிண்ட் கணக்குப் பார்த்துக் காசு கொடுக்கிற தொழிலில் அது நேரடி நட்டம்.

என் நோட்டில் செய்திப் பத்தி நிரம்பி வழிந்தது, முடிவுப் பத்தி காலியாகக் கிடந்தது. உங்கள் நோட்டிலும் அப்படித்தான் இருக்கும். கருவியில் எது இருக்க வேண்டும், எது கூடாது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

இப்போது படிவம். நான்கே கேள்விகள் போதும். என்ன முடிவு வேண்டும்? யார் யார் இருந்தால் முடிவெடுக்க முடியும்? எப்போதுக்குள்? தள்ளிப்போட்டால் என்ன நட்டம்? ஐந்தாவது ஒன்றைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும், சேர்க்காதீர்கள். களத்தில் வெயிலில் நின்றுகொண்டு கைப்பேசியில் நிரப்புகிறவருக்குத் திரையே சரியாகத் தெரியாது. தட்டச்சு வராதவர்கள் விசைப்பலகையில் உள்ள ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பேசினால் தமிழிலேயே எழுதிக்கொள்ளும். அரைவை ஓடும்போது மட்டும் பத்தடி தள்ளி நின்று பேசச் சொல்லுங்கள், இல்லையென்றால் அது தன் இஷ்டத்துக்கு எதையாவது எழுதிவைக்கும்.

முதல் கேள்விக்கான விடையில் கேள்விக்குறி இருந்தே ஆக வேண்டும் என்று கட்டுப்பாடு வையுங்கள். படிவத்தில் அந்தக் கேள்வியின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் விடையைச் சரிபார்க்கும் வசதி வரும். உரை, அதில் இன்ன குறி இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, கேள்விக்குறியைக் கொடுத்தால் முடிந்தது. அது இல்லாத விடையைப் படிவம் வாங்காது. எங்கள் மேஸ்திரி இதையும் ஜெயித்தார். "தார்ப்பாய் கிழிந்துவிட்டது?" என்று அனுப்பினார். அதனால் கேள்விக்குக் கீழே மாதிரியாக, "புதுத் தார்ப்பாய் வாங்கலாமா, பழையதைத் தைக்கலாமா?" என்று எழுதிவைத்தேன். இரண்டு வழியைச் சொல்லிக் கேட்டால்தான் அது முடிவுக்கான கேள்வி என்பது அதற்குப் பிறகு எல்லோருக்கும் பிடிபட்டது.

இரண்டாவது கேள்விதான் வாசல். அதில் ஒரே ஒருவர் பெயர் இருந்தால் அந்த விஷயம் கூட்டத்துக்கே வரக் கூடாது. நேராக அவரிடம் போய்விட வேண்டும். இரண்டு பேர் என்றால் அவர்கள் தேநீர் குடிக்கும்போது பேசிக்கொள்ளட்டும். மூன்று பேரும் அதற்கு மேலும் இருந்தால்தான் நிகழ்ச்சி நிரலில் ஏறும். விரிதாளில் இதற்கென ஒரு பத்தி ஒதுக்கி, பெயர்களை எண்ணி "கூட்டம்" அல்லது "நேரில்" என்று காட்டும்படி ஒரு சூத்திரம் போடுங்கள். காலை எட்டு மணி வரை "கூட்டம்" என்று ஒரு வரிகூட வரவில்லையா? அன்றைக்குக் கூட்டம் கிடையாது. முதல் முறை அப்படி நேர்ந்தபோது முதலாளி பழக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டு, "எல்லோரும் எங்கேம்மா?" என்றார்.

நான் சொன்ன பத்து வரி நிரல், காலைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத் தானாகத் தொகுத்து வைப்பதற்கு. இதில் இரண்டு இடத்தில் கவனம் தேவை. விரிதாளுக்கும் அதன் பின்னால் ஓடும் நிரலுக்கும் நேர மண்டலம் தனித்தனியாக இருக்கிறது; இரண்டிலும் கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். அடுத்து, தினமும் எட்டு மணி என்று நேரம் வைத்தால் எட்டிலிருந்து ஒன்பதுக்குள் அதற்குத் தோன்றிய நிமிடத்தில்தான் ஓடும். ஆகவே ஒரு மணி நேரம் முன்னதாகவே வைத்துவிடுங்கள்.

தொகுத்ததை மின்னஞ்சலில் அனுப்பலாம். இலவசக் கணக்கில் நிரல் வழியாக நாளொன்றுக்கு 100 பேருக்கு அனுப்ப முடியும். ஏழு பேருக்கு அது தாராளம். ஆனால் எங்கள் ஆலையில் மின்னஞ்சல் பார்க்கிற ஒரே ஆள் கணக்கர்தான். மற்ற எல்லோரும் இருப்பது வாட்ஸ்அப்பில். சாதாரண வாட்ஸ்அப் குழுவுக்கு விரிதாளிலிருந்து தானாகச் செய்தி அனுப்ப வழி இல்லை. நிகழ்ச்சி நிரல் முழுவதும் ஒரே கட்டத்தில் வரிசையாக வரும்படி செய்து, அதை நகலெடுத்துக் குழுவில் நானே ஒட்டுகிறேன். அரை நிமிட வேலை. ஒட்டுவதற்கு முன் ஒரு முறை கண்ணால் பார்க்கிறோம் என்பதால் இதைத் தானியங்கியாக மாற்ற எனக்கு ஆசையும் இல்லை.

கூட்ட அறையில் பெரிய எழுத்தில் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் தெரியட்டும். அமேசான் நிறுவனத்தில் ஆறு பக்கத்துக்கு மிகாத குறிப்பு ஒன்றைத் தயாரித்து, கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் மௌனமாகப் படித்துவிட்டுத்தான் பேசுவார்கள். எங்களுக்கு ஆறு பக்கமும் வேண்டாம், மௌனமும் வேண்டாம். பிட்டருக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். அவரை எல்லோர் முன்னாலும் திரையைப் பார்த்துத் திணற விடுவது மரியாதை அல்ல. அதனால் ஒவ்வொரு கேள்வியையும் நான் உரக்க வாசிக்கிறேன். முடிவையும் எல்லோர் கண்முன்னே தட்டச்சு செய்து, வாசித்துக் காட்டி, தலையாட்டல் வாங்கிய பிறகுதான் அடுத்த கேள்வி.

முடிவு வரியில் மூன்று கட்டம்: என்ன, யார், எந்தத் தேதி. "யார்" கட்டத்தில் பெயர்ப்பட்டியல் வைத்து, அதில் ஒரே ஒரு பெயரை மட்டும் தேர்ந்தெடுக்க முடியும்படி பூட்டிவிடுங்கள். பட்டியலில் "எல்லோரும்" என்று ஒரு பெயர் இருக்கக் கூடாது. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஊர் கூடி பெல்ட் வாங்க முடியாது. தேதிக் கட்டமும் அப்படித்தான். தேதியைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி வைத்தால் "சீக்கிரம்", "அடுத்த வாரத்தில்", "ஏலம் முடிந்ததும்" எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வின் ஏலத்துக்கு மூட்டை அனுப்புவது போன்றவற்றுக்கு ஏலத் தேதியே தெரியும் என்பதால் அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போட்டுக்கொள்ளலாம்.

நிலையைக் காட்டும் கட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடையில் வாங்கும் செயலிகளில் ஏழெட்டு நிலைகள் இருக்கும். நான் வைத்திருப்பது மூன்று: நிலுவை, முடிந்தது, கைவிட்டோம். "நடந்துகொண்டிருக்கிறது" என்பதை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். அது வேலை செய்யாதவர்களின் புகலிடம். எதைக் கேட்டாலும் நடந்துகொண்டேதான் இருக்கும். "கைவிட்டோம்" என்பதை மட்டும் கட்டாயம் வையுங்கள். வானம் மூடிக்கொண்டால் களத்தில் காயப்போடுவதற்காக எடுத்த முடிவு காலையோடு செத்துவிடுகிறது. அதை யாருடைய தவறும் இல்லாமல் மூடிவைக்க ஓர் இடம் வேண்டும். பக்கத்தில் காரணத்தை ஒரு வரியில் எழுதச் செய்யுங்கள். பழைய வரியை மட்டும் அழிக்க விடாதீர்கள்.

தேதி தாண்டிய வேலைகளைச் சிவப்பில் காட்டலாமா என்று கேட்பீர்கள். காட்டலாம், ஆனால் வரிசையில் சூட்சுமம் இருக்கிறது. என் விரிதாளில் முதலாளியின் நிலுவைதான் எப்போதும் மேலே வரும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்தேன். "என் பெயரை ஏம்மா முதலில் போட்டாய்?" என்றார். "உங்கள் பெயர் மேலே இருந்தால் கீழே இருப்பவர்கள் மறைக்க மாட்டார்கள் அண்ணா" என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார். முதலாளி இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் சிவப்பு நிறமே வேண்டாம். வயதில் மூத்த மேஸ்திரியின் பெயர் மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தால் அவர் படிவத்தைத் தொடுவதையே நிறுத்திவிடுவார், நியாயமும் அதுதான்.

கூட்டத்தில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் எத்தனை ரூபாய் சம்பளம் போகிறது என்று ஓடிக்காட்டும் கடிகாரங்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. குறைந்த சம்பளக்காரர் வாய் திறக்கவே பயப்படுவார். பேச்சைப் பதிவுசெய்து தானாகச் சுருக்கம் எழுதும் மென்பொருளும் எங்களுக்கு ஒத்துவராது. பதிவு ஓடுகிறது என்று தெரிந்த நிமிடமே கிழங்கு விலையைப் பற்றி யாரும் உண்மையைப் பேச மாட்டார்கள்.

சிக்னல் விட்டுவிட்டு வரும் இடம் என்றால், ஏற்காட்டுத் தோட்டங்களில் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு, கைப்பேசியில் விரிதாளை இணையம் இல்லாமலும் திறக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். படிவம் அப்படித் திறக்காது. அதே நான்கு கேள்விகளை அச்சடித்த தாள்களை ஒரு பலகையில் செருகித் தொங்கவிடுங்கள். மாலையில் அலுவலகத்தில் ஒருவர் ஏற்றிவிடலாம்.

கடைசியாகக் கணக்கு. இதை உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். காலையில் அந்தப் பத்து வரி நிரலை ஓட்டும் அமைப்பை யார் வைத்தாரோ அவருடைய கணக்கில்தான் அது ஓடும். அந்தக் கணக்கு போனால் அதுவும் நின்றுவிடும். ஆலைக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து அதில் செய்யுங்கள். சூத்திரம் உள்ள பத்திகளைப் பூட்டிவையுங்கள், தொகுக்கும் உரிமை இருவருக்கு மட்டும் போதும். கடவுச்சொல்லை எழுதி உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்; எங்கள் ஆலையில் அது முதலாளியின் இரும்புப் பெட்டியில் கிரயப் பத்திரங்களோடு இருக்கிறது.