பெரிய நகரப் பூங்காவைச் சீரமைக்க: வரைபடத்துக்கு முன் மண்

வடிவமைப்பாளரைத் தேடுவதற்கு முன் கணக்கெடுப்பை முடியுங்கள். நியூயார்க்கின் 843 ஏக்கர் சென்ட்ரல் பார்க்கில் மண், மரம், வடிகால், மக்கள் நடமாட்டம் எல்லாவற்றையும் ஆராய்ந்த பிறகுதான் 1985-இல் சீரமைப்புத் திட்டம் வெளிவந்தது.

ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, அதன் இனம், தரையிலிருந்து சுமார் 1.4 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவு, பட்டுப்போன கிளைகள் ஆகியவற்றைப் பதியுங்கள். கனமழை நின்றதும் நேரில் நடந்து, தண்ணீர் தேங்கும் இடங்களைக் குறியுங்கள். புல்லின் குறுக்கே ஒற்றையடிப்பாதை விழுந்திருந்தால் வேலி போட்டு மறிக்காதீர்கள். ஆட்கள் வேலியைச் சுற்றி வேறொரு தடம் போடுவார்கள்; முதலில் விழுந்த ஒற்றையடிப்பாதையையே நல்ல பாதையாக்குங்கள்.

புல்வெளி கருகினால் விதையைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி மிதிபட்டு இறுகிய மண். நீரும் காற்றும் வேருக்கு எட்டுவதில்லை. அதன்மேல் புதுப்புல் பதிப்பது பணத்தைப் புதைப்பது. முதலில் வடிகால் குழாய், அடுத்து மண்ணைக் கிளறிப் பதப்படுத்தல், கடைசியில்தான் புல்.

முழுப் பூங்காவையும் ஒரேயடியாக மூட வேண்டாம். சென்ட்ரல் பார்க்கில் கிரேட் லான் புல்வெளியை 1995–97-இல் தனியாகச் சீரமைத்தார்கள். வேலை நடக்கும்போது மரத்தின் கிளைவிரிவுக்குக் கீழே லாரியோ ஜல்லிக் குவியலோ கூடவே கூடாது. வேர் நசுங்கிய மரம் உடனே சாகாது, சில ஆண்டுகள் கழித்தே பட்டுப்போகும். அதற்குள் ஒப்பந்ததாரர் கணக்கு முடித்துப் போயிருப்பார். பராமரிப்புச் செலவையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.